மாதோட்டத்திலிருந்து ஹுன்னஸ்கிரிய வரை

வரலாற்றுப் பாடத்தில் நாம் எல்லோரும் ஒருமுறையாவது வரைந்த படம் ஒன்று உண்டு. இலங்கையின் வெளிக்கோட்டுப் படத்தில் பண்டைய துறைமுகங்களைக் குறிக்க வேண்டும். வடக்கே சம்புத்துறை, கிழக்கே கோகர்ணம், வடமேற்கே மாதோட்டம். பாடநூலில் அதன் பெயர் மகாதித்த. சிவப்புப் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துப் பக்கத்தில் பெயரை எழுதினால் இரண்டு புள்ளிகள் கிடைக்கும். நாமும் வைத்தோம், புள்ளிகளையும் பெற்றோம், பரீட்சை முடிந்ததும் மறந்தோம்.

அந்தச் சிவப்புப் புள்ளியைக் கண்ணால் பார்க்க எங்களுக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன. 1990களின் நடுப்பகுதியில் ஒன்றாகச் சாதாரண தரப் பரீட்சை எழுதிய ஆறு பேர், சென்ற ஆண்டு ஆவணி விடுமுறையில் ஒரு வான் பிடித்து மன்னாருக்குப் போய் வந்தோம். ஆறு பேரில் மூவர் ஹுன்னஸ்கிரியத் தோட்டங்களில் பிறந்தவர்கள். ஒருவர் ரங்கலைப் பக்கம், இருவர் கண்டி நகரம். ஆசிரியைகள் இருக்கிறார்கள், வங்கியில் இருப்பவர் இருக்கிறார், கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர் இருக்கிறார். வைத்தியத் தொழிலில் இருப்பவரே நூற்றாண்டு மலருக்கு எழுத வேண்டும் என்று வானிலேயே தீர்ப்பாகிவிட்டது. கண்டதும் கேட்டதும் ஆறு பேருக்கும் பொது என்பதால், இக்கட்டுரையில் வருவது ‘நாங்கள்’ மட்டுமே.

போனது கோயில் பார்க்கவும் கடல் பார்க்கவும்தான். திரும்பி வந்தது வேறு கணக்கோடு. அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மேடும் அகழியும்

கண்டியிலிருந்து அதிகாலை நான்கு மணிக்குப் புறப்பட்டோம். மாத்தளை, தம்புள்ளை, மதவாச்சி வரை ஏ 9 வீதி. அங்கிருந்து இடப்பக்கம் திரும்பினால் மன்னார் வீதி. மடு வீதி, முருங்கன், உயிலங்குளம் கடந்து, மன்னார்ப் பாலத்துக்கு முன்னரே திருக்கேதீச்சரத்துக்குத் திரும்பும் வழி வருகிறது.

தேவாரம் பாடிய சம்பந்தரும் சுந்தரரும் ஈழத்தில் பாடிய தலங்கள் இரண்டு. ஒன்று திருகோணமலை, மற்றது இது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கையில் அழிந்த கோயில். அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குப் போயின என்பது வழிவழியாகச் சொல்லப்படுவது. 1872இல் ஆறுமுக நாவலர் இதை மீண்டும் எழுப்ப வேண்டும் என்று எழுதினார். 1890களில் காணி வாங்கிக் காட்டை வெட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பின் சேர் கந்தையா வைத்தியநாதன் திருப்பணியை முன்னின்று நடத்தினார். போர்க்காலத்தில் ஊர் வெறிச்சோடியது. இன்று நாம் காணும் கருங்கற் கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது 2022இல். பாலாவித் தீர்த்தத்தில் நீர் எடுத்து நாமே சிவலிங்கத்துக்கு வார்க்கலாம். எங்களுள் கிறிஸ்தவர் ஒருவரும் முஸ்லிம் ஒருவரும் உண்டு. அவர்களும் கரையில் நின்று குடம் தூக்கித் தந்தார்கள்.

ஆனால் நாங்கள் தேடிப் போன நகரம் கோயிலைச் சூழ்ந்த நிலத்துக்கு அடியில் இருக்கிறது. மாந்தை மேடு குதிரை இலாடத்தைப் போல வளைந்து கிடக்கிறது. அதைச் சுற்றி இரட்டை அகழி. மேலே முட்செடியும் மாட்டுச் சாணமும் உடைந்த ஓட்டுச் சில்லுகளும்தான். அறியாதவர் ஒரு வரம்பு என்று நினைத்து நடந்து போவார். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் மக்கள் ஒரே இடத்தில் கட்டி, வாழ்ந்து, இடித்து, மறுபடி கட்டியதால் உயர்ந்த மேடு அது.

ஏன் இங்கே ஒரு நகரம்? இராமர் அணைப் பக்கம் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் மேற்கிலிருந்து கிழக்குக்கு அதைத் தாண்ட முடியாது. அரபுக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கும் வங்கக் கடல் பக்கமிருந்து வந்த சரக்கும் கைமாற இடம் தேவைப்பட்டது. உள்நாட்டில் அனுராதபுரம். அங்கிருந்து அருவியாறு என்கிற மல்வத்து ஓயா இந்தக் கரையை நோக்கித்தான் ஓடி வருகிறது. தலைநகரத்துக்கு ஒரு வாசல், இரு கடல்களுக்கு ஒரு சந்தை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் மாதோட்டம்.

விஜயனுக்கு மணமகளாகப் பாண்டிய நாட்டு இளவரசி வந்து இறங்கியதும், அவளோடு பதினெண் தொழிற் குடிகள் வந்ததும் இத்துறையில் என்கிறது மகாவம்சம். கதையாகவே எடுத்துக்கொண்டாலும், அக்கரையிலிருந்து ஆட்கள் வந்து இறங்கும் இடம் என்றால் மாதோட்டம் என்பது அந்நூலை எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

மத்தியதரைக் கடலோடு ஒரு கொடுக்கல் வாங்கல்

உரோமைப் பேரரசன் குளோடியஸ் ஆண்ட காலத்தில், அதாவது கி.பி. 41க்கும் 54க்கும் இடையில், செங்கடலில் வரி சேகரிக்கும் குத்தகைக்காரர் ஒருவரின் ஆள் காற்றில் அடிபட்டு இத்தீவில் கரை ஒதுங்கினார். அவர் கையிலிருந்த வெள்ளிக் காசுகள் வெவ்வேறு அரசர்களின் முகங்கள் பொறித்தவையாக இருந்தும் ஒரே எடையில் இருப்பதைக் கண்ட இலங்கை மன்னன், இவர்கள் நேர்மையான வியாபாரிகள் என்று முடிவு செய்து, நால்வர் கொண்ட தூதுக் குழுவை உரோமுக்கு அனுப்பினான். இதை எழுதி வைத்தவர் பிளினி. அந்த ஆள் கரை ஒதுங்கிய ‘ஹிப்புரோஸ்’ என்ற இடம், மன்னாருக்குத் தெற்கேயுள்ள குதிரைமலையாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து.

மிளகும் முத்தும் மணியும் இந்தக் கடலிலிருந்து செங்கடல் வழியாக எகிப்துக்குப் போய், நைல் நதியில் இறங்கி, மத்தியதரைக் கரையிலுள்ள அலெக்சாந்திரியாவில் கப்பலேறின. அலெக்சாந்திரியா அந்தப் பக்கத்து வாசல் என்றால், மாதோட்டம் இந்தப் பக்கத்து வாசல்களுள் ஒன்று.

வெறும் பெருமைப் பேச்சு அல்ல இது. 1980 முதல் 1984 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் மாந்தையில் பெரிய அகழாய்வு நடந்தது. போர் மூண்டதால் நின்றது. கிடைத்தவை பற்றிய நூல் வெளிவர 2013 ஆயிற்று. சீனத்துப் பீங்கான், பாரசீக வளைகுடாப் பக்கத்து மெருகு மட்பாண்டம், இந்திய மட்பாண்டம், மணிகள் எல்லாம் ஒரே மேட்டுக்குள் இருந்தன. பின்னர் 2009-2010இல் தொல்லியல் திணைக்களத்தோடு சேர்ந்து பிரித்தானிய ஆய்வாளர்கள் மீண்டும் தோண்டியபோது, மண்ணை நீரில் கரைத்துச் சலித்துக் கருகிய தானியங்களைத் தேடினார்கள். 2018இல் வெளியான அந்த ஆய்வின் முடிவுகள் எங்களை வியக்க வைத்தன. நெல் இருந்தது, அதில் ஆச்சரியமில்லை. கி.பி. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கோதுமை மணி இருந்தது. 7ஆம், 8ஆம் நூற்றாண்டுகளை ஒட்டிய திராட்சை விதை இருந்தது. இரண்டும் அரேபியாவிலிருந்தோ மத்தியதரைப் பக்கமிருந்தோ வந்திருக்க வேண்டும். மிளகு இருந்தது. கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட ஒரே ஒரு கராம்பு இருந்தது.

கராம்பு என்றதும் ஹுன்னஸ்கிரியப் பெண்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு கராம்பு மரம் நிற்கிறது. பருவத்தில் முற்றத்துப் பாயில் மொட்டுக் காய்கிற வாசனை பஸ்ஸில் போகிறவருக்கும் வரும். நக்கிள்ஸ் காட்டு நிழலில் ஏலம், வேலியில் மிளகுக் கொடி. ஆனால் அன்று கராம்பு விளைந்தது இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் மட்டும்தான். 5,000 கிலோமீற்றருக்கும் அப்பால் விளைந்த அந்த மொட்டு, யாரோ ஒருவரின் கையிலிருந்து மாந்தையின் தரையில் விழுந்து, ஆயிரம் ஆண்டு கிடந்து, வயதும் கணிக்கப்பட்டு, இப்போது ஏடுகளில் இடம்பெற்றிருக்கிறது.

சோழர் காலத்தில் மாதோட்டத்துக்கு இராசராசபுரம் என்று பெயர் சூட்டினார்கள். தாழி குமரன் என்ற அதிகாரி இங்கே இராசராசேச்சரம் என்ற கோயிலை எழுப்பியதையும், அதற்கு விட்ட நிவந்தங்களையும் கல்வெட்டு சொல்கிறது. அந்தக் கல் இப்போது கொழும்பு நூதனசாலையில். 11ஆம் நூற்றாண்டுக்குப் பின் நகரம் கைவிடப்பட்டது. தலைநகரம் பொலன்னறுவைக்கு மாறியதும் கப்பற் போக்குவரத்து மாறியதும் காரணம் என்பர்.

வழக்கமான சுற்றுலா என்றால் எங்கள் கதை இங்கே முடிந்திருக்கும்.

பாடத்தில் வராத பயணிகள்

மேட்டின் மீது நின்றபோது, ரங்கலையிலிருந்து வந்த தோழி ஒரு கேள்வி கேட்டார். “நம்ம ஆளுக வந்து இறங்குனது எங்க?”

யாரும் உடனே பதில் சொல்லவில்லை. தெரியாமல் இல்லை. ‘மன்னார்ப் பாதை’ என்ற சொல் எங்கள் எல்லார் வீட்டிலும் உண்டு. ஆனால் வரலாற்றுப் புத்தகத்து மாதோட்டமும் அப்பாயி சொன்ன மன்னாரும் ஒரே கரை என்பதை நாங்கள் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை.

1815இல் கண்டி இராச்சியம் வீழ்ந்தது. அதன் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் பிடிபட்டது ஹுன்னஸ்கிரியவுக்கு அண்மையிலுள்ள மெதமகாநுவரப் பகுதியில். அடுத்த பத்து ஆண்டுகளுக்குள் மலைநாட்டில் கோப்பி பயிரிடத் தொடங்கினார்கள். 1840களில் காடுகள் ஏக்கர் கணக்கில் விழுந்தன. நக்கிள்ஸ் சரிவுகளிலும் கோப்பி ஏறியது. அதற்கு ஆட்கள் மதுரை, திருச்சி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, சேலம், இராமநாதபுரம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து வந்தார்கள். ஊரில் பஞ்சமும் கடனும் சாதிக் கொடுமையும். கங்காணி கொடுத்த முன்பணம் கையில். இராமேசுவரம், தேவிபட்டினம், தொண்டிப் பக்கம் வரை நடை. தோணியில் கடல் கடந்து தலைமன்னார், மன்னார், அரிப்புக் கரைகளில் இறங்கினார்கள். அதன்பின் காட்டு வழியே மாத்தளை வரை மறுபடி நடை. தலைமன்னாரிலிருந்து மாத்தளை சுமார் 250 கிலோமீற்றர்.

தொடக்கத்தில் பெரும்பாலும் ஆண்கள். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்கு வந்து, முடிந்ததும் அதே பாதையில் ஊர் திரும்பியவர்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பெண்களும் பிள்ளைகளும் கூடுதலாக வரத் தொடங்கினர். கோப்பி நோயால் அழிந்து தேயிலை வந்த பிறகு, வருடம் முழுவதும் கொழுந்து எடுக்கக் கைகள் வேண்டும் என்றானது. குடும்பங்கள் லயங்களில் தங்கின. நம் பாட்டிமாரின் பாட்டிமார் அப்படி வந்தவர்கள்.

வழியில் எத்தனை பேர் விழுந்தார்கள்? 1849இல் கொழும்பு ‘ஒப்சேவர்’ பத்திரிகை ஒரு கணக்குப் போட்டது. 1841 முதல் 1849 வரை வந்தவர்களுள் நாலில் ஒருவர், ஏறக்குறைய 70,000 பேர், மாண்டுவிட்டதாக அது எழுதியது. இது மிகைக் கணக்கு என்று சொல்லும் வரலாற்றாசிரியர்களும் உண்டு. பாதியாகக் குறைத்தாலும் அது ஒரு நகரத்தின் சனத்தொகை. அக்காலத்தில் அந்தப் பத்திரிகையோடு நெருங்கிய தொடர்புடையவராக இருந்தவர் கிறிஸ்டோபர் எலியட் என்ற வைத்தியர். பிற்காலத்தில் இலங்கையின் அரசாங்க வைத்தியத் துறைக்கே தலைவரானவர்.

முருங்கனுக்கு அண்மையில் கட்டுக்கரைக்குளத்தின் அணையில் வானை நிறுத்தினோம். ஆவணி வெயில். நீர் வற்றி நடுவே தேங்கிக் கிடந்தது. மாடுகள் இறங்கி நின்றன. வைத்தியத் தொழிலில் இருப்பவரிடம் மற்றவர்கள் கேட்டார்கள், “அவ்வளவு பேர் எப்படிச் செத்தாங்க?”

விடை கண் முன்னே இருந்தது. பசியும் காட்டுக் காய்ச்சலும் அம்மையும் இருந்தன. ஆனால் பெரிய கொலைகாரன் வாந்திபேதி. நூற்றுக்கணக்கானோர் ஒரே வழியில் நடந்து, ஒரே குளத்தங்கரையில் தங்கி, அதே நீரைக் குடிக்கும்போது ஒருவருக்கு வந்தது எல்லோருக்கும் வரும். கடுமையாகப் பீடிக்கப்பட்டவர் ஒரு மணித்தியாலத்தில் ஒரு லீற்றர் நீரைக்கூட இழக்கக்கூடும். காலையில் நடந்தவர் இரவு பிணமாவார். சிகிச்சையின்றி விட்டால் கடுமையான நோயாளரில் பாதிப் பேர் வரை இறப்பார்கள். நடக்க முடியாதவரைச் சுமக்கக் கூட்டத்துக்குத் தெம்பில்லை. ஒரு செம்பு நீரும் ஒரு பிடி அரிசியும் பக்கத்தில் வைத்துவிட்டு நடப்பார்கள் என்பது எங்கள் மூன்று வீடுகளில் தனித்தனியே கேட்ட கதை.

அந்தச் செம்பு நீரில் கொஞ்சம் உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள். அது அன்று உலகத்தில் எவருக்கும் தெரியாது. வாந்திபேதிக் கிருமியைத் தேடி ரொபேர்ட் கோஹ் போனது 1883இல், அதே அலெக்சாந்திரியாவுக்கு. மறு வருடம் கல்கத்தாவில் அதை உறுதி செய்தார். உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைக் கொண்டு ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றலாம் என்பதை வைத்தியர் திலீப் மகாலநாபிஸ் வங்காள அகதி முகாம்களில் நடைமுறையில் காட்டியது 1971இல். இன்று ஒவ்வொரு மருந்துக் கடையிலும் ‘ஜீவனி’ என்று விற்கும் அந்தச் சிறு பொட்டலம்தான் அது. முறையான சிகிச்சை கிடைத்தால் இன்று இறப்பவர் நூற்றில் ஒருவருக்கும் குறைவு.

ஹுன்னஸ்கிரியவில் எங்கள் அப்பாயி ஒருவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பீலித் தண்ணீர் பளிங்கு போல ஓடினாலும் காய்ச்சாமல் பிள்ளைகளுக்குத் தரமாட்டார். “நின்ன தண்ணி எமன், ஓடுற தண்ணிக்கும் காவல் வேணும்” என்பார். படிக்காத கிழவிக்குச் சுகாதாரம் யார் சொல்லிக் கொடுத்தது என்று வைத்தியக் கல்லூரியில் படித்த காலத்தில் வியந்திருக்கிறோம். குளத்தங்கரையில் நின்றபோது புரிந்தது. பாதையில் உயிர் தப்பியவர்கள் தம் பிள்ளைகளுக்கு விட்டுச் சென்ற பாடம் அது.

1899இல் இந்த வடபாதை தொழிலாளருக்கு மூடப்பட்டது. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இரு கரையிலும் ரயிலும் இணைந்தன. அதன்பின் வந்தவர்கள் நடக்கவில்லை. 2023இல், மலையகத்துக்கு மக்கள் வந்த 200ஆம் ஆண்டின் நினைவாக, தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு ஒரு நடைபயணம் நடந்தது நமக்கெல்லாம் தெரியும். ஆடி மாத இறுதியில் தொடங்கி இரண்டு வாரங்களுக்கு மேல் நடந்தார்கள். வழியில் தமிழரும் சிங்களவரும் முஸ்லிம்களும் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். எங்களுள் ஒருவரின் தம்பி கடைசி இரண்டு நாளும் நடந்தார். காலில் கொப்புளத்தோடு வந்தவரிடம், “நீ சப்பாத்துப் போட்டு நடந்தாய், அவங்க போடல” என்றாராம் அவருடைய அம்மா.

தலைமன்னார் இறங்குதுறை

மறுநாள் தலைமன்னாருக்குப் போனோம். போரில் அழிந்த ரயில் பாதை 2015இல் மீண்டும் இறங்குதுறை வரை போடப்பட்டிருக்கிறது. பழைய இறங்குதுறையின் எலும்புக்கூடு கடலுக்குள் நீண்டு நிற்கிறது. பக்கத்தில் வெளிச்சவீடு.

இத்துறை ஆட்களை இறக்கியது மட்டுமல்ல, ஏற்றியும் அனுப்பியது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் நம் மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பிரித்தது. மிஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. ரயிலில் தலைமன்னாருக்கு வந்து, இராமேசுவரக் கப்பல் ஏறி, நீலகிரிக்கும் இன்னும் எங்கெங்கோ போனார்கள். 1984 வரை அந்தக் கப்பல் ஓடியது. பலரின் தாத்தா நடந்து வந்த கரை, பேத்தி ஏறிப் போன கரை. இரண்டும் ஒன்றே.

எங்கள் தோழி ஒருவரின் பெரியம்மா அப்படிப் போனவர். அவரும் நமது பாடசாலையின் பழைய மாணவிதான். விடுதியில் தங்கிப் படித்தார். 1971 மார்கழியில் சாதாரண தரப் பரீட்சை எழுதினார். 1972 தை மாதம் குடும்பத்தோடு கப்பல் ஏறினார். இப்போது கோத்தகிரியில் இருக்கிறார். இறங்குதுறையில் நின்று அவரை வீடியோவில் அழைத்தோம். கைத்தொலைபேசியைத் திருப்பிக் கடலைக் காட்டினோம். நீண்ட நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அந்த வெளக்கு இன்னும் நிக்குதா?” என்றார். “கப்பல்ல இருந்து கடைசியா பாத்தது அதுதான்.”

பேச்சுக்கு நடுவே, சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னார். “எல்லாம் கெடக்கட்டும் புள்ளைகளா, எனக்கு ரிசல்ட் மட்டும் இன்னும் வரல.”

ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக அவருக்குத் தம் பரீட்சை முடிவு தெரியாது. முடிவுகள் வருமுன்னரே கப்பல் ஏறிவிட்டார். யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று தெரியவில்லை. பிறகு கொழுந்துக் கூடை, கலியாணம், பிள்ளைகள்.

கண்டிக்குத் திரும்பிய வாரமே பாடசாலைக்குப் போனோம். அதிபர் பழைய அலுமாரியைத் திறந்து தந்தார். தூசியும் கறையானும் கடந்து 1971ஆம் ஆண்டின் முடிவுத் தாளைக் கண்டெடுக்க இரண்டு மணித்தியாலங்கள் ஆயின. ஆறு பாடங்களில் சித்தி. வரலாற்றில் விசேட சித்தி. படம் எடுத்து அனுப்பினோம். இரவு பதில் வந்தது, குரல் பதிவாக. “நல்லா எழுதுனேன்னு அப்பவே தெரியும்” என்று தொடங்கி, பாதியில் நின்றுவிட்டது.

அதே அலுமாரியில் இருந்த சேர்வு இடாப்பையும் புரட்டினோம். 1968 முதல் 1984 வரையான பக்கங்களில், விலகிய காரணம் என்ற நிரலில், ஒரே சொல் மறுபடி மறுபடி வருகிறது: ‘இந்தியா’. ஊரில்லை, முகவரியில்லை. சில பக்கங்களில் ஒரு வகுப்பில் கால்வாசிப் பேர்.

நமது மலருக்கு ஒரு வேண்டுகோள்

மாந்தை மண்ணை அரித்துச் சலித்தவர்கள் ஒரு கோதுமை மணிக்கும் ஒரு கராம்புக்கும் வயது கண்டுபிடித்தார்கள். அது பெரிய காரியம், அதில் ஐயமில்லை. ஆனால் அதே கரையில் இறங்கி நடந்த நம் பாட்டிமாரில் ஒருவரின் பெயரைக்கூடக் கட்டுக்கரைக்குளத்தின் அணையில் நின்று எங்களால் சொல்ல முடியவில்லை. ஆறு பேருக்கும் தாத்தாவின் ஊர்ப் பெயர் அரைகுறையாகத் தெரிந்தது. பாட்டியின் ஊர் தெரிந்தவர் ஒருவர் மட்டும். நடந்து வந்த அந்தப் பெண்ணின் பெயர் எவருக்கும் தெரியவில்லை. பட்டம் பெற்றவர்கள் நாங்கள்.

துறைமுக நகரங்களின் வரலாறு என்றால் மன்னர், கப்பல், மிளகு என்று படித்தோம். அவற்றோடு, அக்கரையிலிருந்து வந்து இறங்கிய சாதாரண ஆட்களின் வரலாறும் அதுவே. பாண்டிய இளவரசியோடு வந்த தொழிற் குடிகளின் பெயரையும் யாரும் எழுதி வைக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் வந்தவர்களின் பெயரையும் எழுதி வைக்கவில்லை. முன்னவர்களைப் பற்றி இனி நம்மால் ஒன்றும் செய்ய முடியாது. பின்னவர்களைப் பற்றிக் கொஞ்சம் செய்யலாம், கேட்டுச் சொல்ல வயதானவர்கள் இருக்கும்வரை.

ஆகவே இம்மலரை வாசிக்கும் அக்காமாருக்கும் தங்கைமாருக்கும், கோத்தகிரியில் இருந்தாலும் ரொறன்ரோவில் இருந்தாலும் தெல்தெனியவில் இருந்தாலும், எங்கள் ஆறு பேரின் வேண்டுகோள் இது. பழைய மாணவிகள் சங்கத்தில் ஒரு புதிய இடாப்புத் திறந்திருக்கிறோம். உங்கள் பெயர், படித்த ஆண்டு, இப்போது இருக்கும் ஊர் ஆகியவற்றோடு இன்னும் மூன்று செய்திகள் எழுதி அனுப்புங்கள். உங்கள் தாய்வழியிலும் தந்தைவழியிலும் முதலில் கடல் கடந்து வந்த பெண்ணின் பெயர், அவர் புறப்பட்ட கிராமம், வந்து சேர்ந்த தோட்டம். தெரியாவிட்டால் அம்மாவிடம் கேளுங்கள், அம்மா இல்லையென்றால் அத்தையிடம் கேளுங்கள். ஒன்று மட்டும் தெரிந்தாலும் அனுப்புங்கள். மலையகத்தைச் சாராதவர்களும் எழுதுங்கள். நம் வகுப்பறையில் மட்டக்களப்பும் யாழ்ப்பாணமும் அக்குறணையும் அருகருகே இருந்து படித்தன. எல்லாருக்கும் வந்த வழி ஒன்று உண்டு. உங்களுடன் படித்து ‘இந்தியா’ என்ற ஒரு சொல்லோடு போன தோழியின் முகவரி யாருக்காவது தெரிந்தால், அதையும் எழுதுங்கள். அவர்களின் பரீட்சை முடிவுகள் அலுமாரியில் இருக்கின்றன. தேடித் தருவது எங்கள் பொறுப்பு.

இடாப்பின் முதல் வரி நிரம்பிவிட்டது. குரல் பதிவு பாதியில் நின்ற மறுநாள், கோத்தகிரிப் பெரியம்மா மீண்டும் ஒன்று அனுப்பியிருந்தார். தம் பாட்டியின் பாட்டி பெயரும், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தின் பெயரும், இறங்கிய தோட்டத்தின் பெயரும் அதில் இருந்தன. தோட்டம் ஹுன்னஸ்கிரிய.